மனிதப் பேராசை எந்த ஊருக்காரன்? பீச்சுல நாடகம் போட்ட தம்பி தங்கச்சிங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு தம்பிங்களா, தங்கச்சிங்களா,

நான்தான் ஒங்களுக்கு 12 பச்சை டிரஸ்ஸும் ஒரு செவப்பு அங்கியும் தச்சு குடுத்த டெய்லர் அக்கா. இத ஒங்க வாட்ஸப் குரூப்லயே போட்ருக்கலாம், போட்டா என்ன ஆகும்னு தெரியும், ரெண்டு பேர் ஹார்ட்டு விடுவீங்க, ஒருத்தர் 'வேற லெவல் அக்கா'ன்னு ஸ்டிக்கர் போடுவீங்க, அது மேல அடுத்த ரிகர்சல் டைமிங் வந்து உக்காந்துக்கும். அதான் எல்லாரும் படிக்கற மாதிரி எழுதறேன். காடு மலை ஆறுன்னு நாடகம் போடற குரூப்பு இப்ப ஊருக்கு நாலு இருக்கு, அவங்களும் படிக்கட்டும். திட்டறதுக்காக எழுதல. ஆனா கொஞ்சம் திட்டுவேன்.

ஜூன் 5 சாயங்காலம் நானும் பீச்சுக்கு வந்திருந்தேன். நீங்க யாரும் பாக்கல, கூட்டத்துக்கு பின்னாடி மல்லாட்ட, அதான் வேர்க்கடல, விக்கற பாட்டி பக்கத்துல நின்னுட்டிருந்தேன். பறை அடிச்ச தம்பி சூப்பர், அத மொதல்லயே சொல்லிடறேன். பன்னெண்டு பேரும் மரமா நிக்கறீங்க, செவப்பு அங்கி போட்ட பொண்ணு ஒவ்வொருத்தர் தோள்ல கைய வெக்க வெக்க ஒவ்வொருத்தரா சாயறீங்க, பறை நின்னு நின்னு அடிக்குது. ஓரத்துல விழுந்த ஒல்லித் தம்பி காதோரமா எறும்பு ஏறுது, மூடுன கண்ணுல இமை மட்டும் துடிக்குது, ஆனா கடைசி வரைக்கும் அசையல, அந்த தம்பிக்கு ஒரு சலாம். அப்புறம் பேப்பர் கப்புல மெழுகுவத்தி, பாதி காத்துல அணைஞ்சுபோச்சு, மைக்குல ஒரு தங்கச்சி 'காடுகளுக்காக உயிர் நீத்த போராளிகளுக்கு எங்கள் அஞ்சலி, இயற்கையைக் காப்போம்'னு சொல்லுச்சு, கைதட்டு, முடிஞ்சுது.

பாட்டிக்கு முடியல. பொட்டலம் மடிச்சுக்கிட்டே பக்கத்துல நின்ன ஒங்க குரூப் தம்பிய கூப்ட்டு கேட்டுச்சு, "யாருப்பா செத்தது?"

"காட்ட காப்பாத்த போராடுனவங்க பாட்டி. அமேசான் காடு, வெளிநாடு."

"அய்ய பாவமே. யாரு கொன்னது?"

தம்பி ஒரு செகண்டு யோசிச்சாரு. "மனிதப் பேராசை பாட்டி."

"அவன் எந்த ஊருக்காரன்?"

சுத்தி இருந்தவங்க எல்லாரும் சிரிச்சுட்டாங்க, நானுந்தான் சிரிச்சேன். பஸ்ல வீட்டுக்கு போறப்ப சிரிப்பு போயிருச்சு. பாட்டி கேட்டதுல என்ன தப்பு? ஒருத்தன கொன்னுட்டாங்கன்னு சொன்னா யாரு கொன்னது, எந்த ஊரு, எதுக்குன்னு கேக்கறதுதான மனுசன் வழக்கம்? பன்னெண்டு பேரு மண்ணுல விழுந்து கெடக்கறீங்க, ஒருத்தருக்கும் பேரில்ல, கொன்னவனுக்கும் பேரில்ல.

எனக்கு சொந்த ஊரு செங்கம் பக்கம். எங்க ஆயா ஒப்பாரி வெக்கறதுக்கு சுத்துப்பட்டு ஊர்லேர்ந்தெல்லாம் கூப்புட்டு அனுப்புவாங்க. சின்ன வயசுல நான் கூடவே போவேன், டீயும் பன்னும் கெடைக்கும்னு. ஆயா போன ஒடனே உக்காந்து அழ ஆரம்பிக்காது. செத்தவரோட சித்தி பெரியம்மா யாரையாவது மெதுவா ஓரங்கட்டி விசாரிக்கும்: பேரு என்ன, எந்த ஊர்ல பொண்ணு எடுத்தாரு, எத்தன புள்ள, கெணறு வெட்னாரா, மாடு வாங்குனாரா, எப்படி போனாரு. அதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு வந்து உக்காந்தாதான் வாய தொறக்கும். ஒருதடவ கைகலப்புல செத்துப்போன ஒரு பையன் வீட்ல, அடிச்சவன் பேர சொல்லாதீங்கன்னு பெரிய மனுசங்க சொன்னதுக்கு, அப்டின்னா நான் எதுக்கு, ரேடியோ வெச்சுக்குங்கன்னு ஆயா எந்திரிச்சு வந்துருச்சு. டீ கூட குடிக்கல. எனக்கு அன்னைக்கு பன்னு போச்சு.

அதே மாதிரி எங்க பக்கம் நடுகல்லு. எடுத்தனூர்னு ஒரு ஊரு, அங்க கெடச்ச ஒரு கல்லு மகேந்திரவர்மன் ஆட்சிக்கு வந்த 34வது வருஷத்துல வெச்சது. கருந்தேவகத்தின்னு ஒரு ஆளு எருமைங்கள காப்பாத்தறதுக்காக செத்திருக்காரு. அவரு பேரு, அவரு யாரோட ஆளு, எந்த ராஜாவோட எத்தனாவது வருஷம், எதுக்காக செத்தாருன்னு எல்லாம் அந்த கல்லுல இருக்கு. அதோட அவர்கூட ஒரு நாய் இருந்திருக்கு, அது பேரு கோவிவன், அது கள்ளன கடிச்சு காவலுக்கு நின்னுச்சுன்னு அதையும் செதுக்கி வெச்சிருக்காங்க, படமும் போட்டு. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னாடி நாய்க்கு கூட பேரு போட்ருக்கான். நம்ம கையில மைக்கு இருக்கு, ஸ்பீக்கர் இருக்கு, ஃபிளெக்ஸ் இருக்கு, 'போராளிகள்'னு ஒத்த வார்த்தைல முடிச்சுட்டோம்.

சரி, பாட்டி கேள்விக்கு பதிலு நானே தேடுவோம்னு ரெண்டு மாசமா மெஷின் பக்கத்துல சார்ஜர் சொருகி, டிரான்ஸ்லேட்டர் போட்டு போர்ச்சுகீசு பேப்பரெல்லாம் படிச்சேன். ரெண்டு பிளவுஸ் அளவு மாறி போனதுதான் மிச்சம்னு வீட்ல சொல்றாங்க.

மொதல்ல ஒங்க தேதியவே எடுத்துக்குங்க. உலக சுற்றுச்சூழல் தினம்னு ஜூன் 5 வெச்சீங்க. 2022ல அதே ஜூன் 5 காலைலதான் பிரேசில்ல ஜவாரி பள்ளத்தாக்குல, ஆத்துல போட்ல வந்துட்டிருந்த புரூனோ பெரெய்ராவையும் டாம் பிலிப்ஸையும் சுட்டு கொன்னாங்க. புரூனோ பழங்குடி விவகாரத் துறை ஆளு, ஆபீஸ்ல வேலை செய்யவிடாம பண்ணதும் லீவு போட்டுட்டு பழங்குடிங்களோட சொந்த அமைப்புக்கு ரோந்து ட்ரெயினிங் குடுக்க போயிட்டாரு, யார் படகு, எந்த எடத்துல திருட்டு மீனு பிடிக்கறாங்கன்னு மேப்போட குறிச்சு வெக்கறதுக்கு. டாம் இங்கிலீசு ஜர்னலிஸ்ட்டு. பத்து நாள் தேடித்தான் ஒடம்பு கெடச்சுது, தேடுனதுல முன்னாடி நின்னது அந்த பழங்குடி சனங்கதான். புரூனோ காட்டுக்குள்ள உக்காந்து சிரிச்சுக்கிட்டே கனமரி பாஷைல ஒரு பாட்டு பாடற வீடியோ இருக்கு, தேடி பாருங்க. அந்த நாள்லயே நின்னுக்கிட்டு அந்த ரெண்டு பேர சொல்லாம விட்டுட்டீங்க. தெரியாமதான் விட்டீங்க, எனக்கும்தான் தெரியாது அன்னைக்கு.

ஆனா என்ன ரொம்ப நாள் தூங்கவிடாம பண்ணது ஷிகோ மெண்டஸ் கததான். எழுத்துல பாத்தா சிகோன்னு வரும், அந்த ஊர்ல ஷிகோன்னுதான் கூப்புடுவாங்க. பிரேசில்ல அக்ரே மாநிலம், ஷாபுரின்னு ஒரு சின்ன ஊரு, ரப்பர் பால் எடுக்கற தொழிலாளி, சங்கத்து தலைவரு. நம்ம சனங்க மலேயாவுல பால்மரம் பால்மரம்னு சொல்லி விடியக்காலைல எந்திரிச்சு வெட்டுனாங்களே, அதே மரந்தான், அது அமேசான் மரம். 1876ல ஒரு வெள்ளக்காரன் அங்கேர்ந்து வெதைய எடுத்துட்டு லண்டனுக்கு போயி, அங்கேர்ந்து இலங்கைக்கும் மலேயாவுக்கும் நாத்து வந்துச்சு, அதுக்கப்புறம் அந்த மரத்துக்கு அடியில கொத்து கொத்தா செத்தது நம்ம பாட்டன் பூட்டன். ஒரே ஒரு வித்தியாசம், மலேயாவுல வரிசையா நட்ட தோட்டம், அமேசான்ல அப்டி நெருக்கமா நட்டா எலையில ஒரு பூஞ்சை நோய் வந்து மொத்தமா போயிரும், ஃபோர்டு கார் கம்பெனிக்காரனே ஊரு கட்டி நட்டு பாத்து தோத்துட்டு ஓடுனான். அதனால அங்க மரம் காட்டுக்குள்ள இங்க ஒண்ணு அங்க ஒண்ணா நிக்கும், பால் எடுக்கறவன் ஒத்தையடிப் பாதையில நடந்து நடந்து ஒவ்வொண்ணா கீறி கிண்ணம் கட்டணும். சுத்தி இருக்கற காடு போச்சுன்னா அந்த மரமும் போச்சு, அவன் பொழப்பும் போச்சு. இது தெரிஞ்ச பொறவுதான் எனக்கு புரிஞ்சுது, அவங்களுக்கு காடுங்கறது வேலை பாக்கற எடம், எனக்கு என் தையக்கடை மாதிரி.

1970கள்ல அங்க ராணுவ ஆட்சி, மாட்டுப்பண்ணை போடறவனுக்கு வரிச்சலுகை குடுத்து தெக்கேர்ந்து பண்ணக்காரங்கள கூட்டிட்டு வந்தாங்க. பண்ணக்காரன் ஆளு வெச்சு காட்ட அறுப்பான், ரப்பர்காரங்க பொண்டாட்டி புள்ளையோட நூறு பேரா போயி மரத்துக்கு முன்னாடி நின்னுருவாங்க, பொம்பளைங்களும் கொழந்தைங்களும் முன் வரிசையில, தேசிய கீதம் பாடிக்கிட்டு. அறுக்க வந்தவனும் கூலிக்காரன்தான, அவன்கிட்ட பேசி ரம்பத்த கீழ போட வெப்பாங்க. இதுக்கு எம்பாச்சின்னு பேரு. ஷிகோ சொன்ன கணக்குப்படி 45 தடவ அப்டி நின்னதுல 15 தடவதான் ஜெயிச்சாங்க. மரமா நடிக்கறதுக்கும் மரத்துக்கு முன்னாடி மனுசனாவே நிக்கறதுக்கும் எவ்ளோ வித்தியாசம் பாருங்க. ஒங்க பன்னெண்டு பேருல ஒருத்தராவது மனுசனா நின்னிருக்கலாம்.

1988ல டார்லி அல்வெஸ்னு ஒரு பண்ணக்காரன், ஷிகோ வளந்த காட்டையே எனக்கு சொந்தம்னு அறுக்க வந்தான். ரப்பர்காரங்க விடல. இப்பதான் பாட்டி உள்ள வருது. ஷிகோ என்ன பண்ணாரு தெரியுமா, இவன் எந்த ஊருக்காரன்னு தேடுனாரு! நெஜமாத்தான். தேடுனா, தெக்க பரனா மாநிலத்துல 1973ல நடந்த ஒரு கொலைக்கு அவன் பேர்ல பிடிவாரண்டு இருக்கு. அந்த காயிதத்த கஷ்டப்பட்டு வரவழைச்சு ஃபெடரல் போலீஸ் ஆபீஸ்ல குடுத்தாரு. அங்க அது மேசையிலயே கெடந்துச்சு, ரெண்டு வாரத்துக்கு மேல. அதுக்குள்ள அவனுக்கு சேதி போயி ஆளு தலைமறைவு. டிசம்பர் 22 சாயங்காலம், 44 வயசு முடிஞ்சு ஒரு வாரம், ஷிகோ வீட்டு அடுப்படியில காவலுக்கு போட்ட ரெண்டு போலீஸ்காரங்களோட டோமினோ ஆடிட்டிருந்தாரு. சாப்பாடு ரெடின்னதும் குளிச்சுட்டு வரேன்னு தோள்ல துண்ட போட்டுக்கிட்டு பின்கதவ தொறந்தாரு. கொல்லையில இருட்டுல நின்னவன் சுட்டான். சுட்டது டார்லியோட மகன் டார்சி. 1990ல ரெண்டு பேருக்கும் 19 வருஷம் தீர்ப்பாச்சு, 1993ல ஜெயில்லேர்ந்து தப்பிச்சாங்க, 1996லதான் திரும்ப பிடிச்சாங்க.

இதுல எங்க வருது மனிதப் பேராசை? பேரு இருக்கு, ஊரு இருக்கு, பண்ணை இருக்கு, வாரண்டு காயிதம் இருக்கு, அது தூங்குன மேசை இருக்கு. பேராசைன்னு சொல்லிட்டா மல்லாட்ட விக்கற பாட்டியும் அதுல ஒரு பங்கு, டார்லி அல்வெஸும் ஒரு பங்குன்னு ஆயிடுது. இது எனக்கு கோவமா வருது. பாட்டி அன்னைக்கு மொத்தமா வித்ததே முன்னூறு ரூபாய்க்கு இருக்காது.

ஒங்க நாடகத்துல மாடே வரலயே, அது ஏன்? பிரேசில்ல மனுசங்க 20 கோடி சொச்சம், மாடு 23 கோடிக்கு மேல. அமேசான்ல காட்ட அழிச்ச எடத்துல முக்காவாசிக்கு மேல இன்னைக்கு மாட்டுக்கு புல்லுதான். மொதல்ல வெல போற மரத்த அறுத்து விப்பான், மிச்சத்துக்கு தீ வெப்பான், புல்லு வெதைப்பான், மாட்ட விடுவான், மாடு மேஞ்சா 'நெலத்த பயன்படுத்தறேன்'னு ஆயிரும், அப்புறம் பட்டாவுக்கு ஓடுவான். போலி பத்திரத்துக்கு அவங்க பாஷைல ஒரு பேரு இருக்கு, கிரிலாஜெம். கிரிலோன்னா சுவர்க்கோழி, ராத்திரி மூலையில உக்காந்து கிர்ருன்னு கத்துமே அந்த பூச்சி. புதுசா எழுதுன பத்திரத்த ஒரு டப்பாவுல போட்டு அதுல சுவர்க்கோழிய விட்டுருவாங்களாம், அது கடிச்சு கழிஞ்சு வெச்சதுல பேப்பர் மஞ்சளாகி அம்பது வருஷத்து பத்திரம் மாதிரி ஆயிருமாம். அந்த பேரே அப்டி வந்துச்சுன்னுதான் சொல்றாங்க. தம்பி, இது அப்டியே மேடைக்கு வந்தா எப்டி இருக்கும்! ஒரு மேசை, ஒரு டப்பா, உள்ளேர்ந்து அந்த சத்தம் மட்டும். நம்ம ஊரு ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசல்ல நின்ன எவனுக்கும் விளக்கமே தேவயில்ல. எங்க ஊரு கல்லுல மாட்ட காப்பாத்த செத்தவனுக்கு பேரு இருக்கு, அங்க மாட்டுக்கு புல்லு வேணும்னு மனுசன சாவடிக்கறான், இத யோசிச்சுட்டே ஒரு நாள் பூரா எம்ப்ராய்டரி தப்பா போட்டேன்.

பாரா மாநிலத்துல ஜோஸே கிளாவ்தியோ, மரியான்னு புருசன் பொஞ்சாதி. பிரேசில் நட்டுன்னு டிரை ஃப்ரூட் கடையில வெல கேட்டா தலை சுத்துமே, அந்த கொட்டை பொறுக்கி எண்ணெய் எடுத்து பொழைச்சவங்க. அந்த மரத்த வெட்டக்கூடாதுன்னு அங்க சட்டம் இருக்கு, அதனால பண்ணக்காரன் சுத்தி இருக்கறத மொட்டையடிச்சுட்டு அத மட்டும் விட்டுருவான். ஒத்தையா புல்லு நடுவுல நிக்கும், காய்க்காது, புதுசா கன்னும் மொளைக்காது, ஏன்னா அந்த பூவ தொறந்து உள்ள போற பெரிய வண்டுத்தேனீக்கு காடு வேணும், வெதைய பொதைச்சு வெக்கற கோத்தியான்னு ஒரு பெருச்சாளி மாதிரி பிராணிக்கும் காடு வேணும். சட்டப்படி உயிரோட இருக்கற மரம், கணக்குக்கு மட்டும். 2010 நவம்பர்ல மேடை ஏறி ஜோஸே கிளாவ்தியோ சொன்னாரு, இன்னைக்கு நான் இங்க பேசறேன், ஒரு மாசத்துல நான் காணாம போயிட்டேன்னு ஒங்களுக்கு சேதி வரலாம்னு. 2011 மே 24 காலைல ரெண்டு பேரும் பைக்ல போறப்ப பாலத்துகிட்ட மறைஞ்சிருந்து சுட்டாங்க, சாட்சிக்கு அவரு காத அறுத்துட்டு போனாங்க. அன்னைக்கே பிரேசில் நாடாளுமன்றத்துல காட்டுச் சட்டத்த தளத்தறதுக்கு ஓட்டெடுப்பு. சாவு சேதிய ஒரு எம்பி வாசிச்சதும் பண்ணக்காரங்க பக்கம் கேலரியில உக்காந்திருந்தவங்க 'ஊ'ன்னு கத்துனாங்க. இத படிச்சுட்டு நான் மெஷின மூடிட்டேன் அன்னைக்கு.

2005ல டோரத்தி ஸ்டாங், 73 வயசு சிஸ்டர், ஆயுதம் வெச்சிருக்கியான்னு கேட்ட கூலிப்படைகிட்ட பைபிள எடுத்து காட்டி வாசிச்சாங்க, ஆறு குண்டு. 2019ல பவுலோ பவுலினோ குவாஜஜாரா, 26 வயசு, காட்டுக்காவல் குரூப்பு பையன். உலகம் பூரா இப்டி செத்தவங்க, காணாமப்போனவங்க கணக்க 2012லேர்ந்து வெச்சிருக்கற குளோபல் விட்னஸ்ங்கற அமைப்போட லிஸ்ட்டுல 2,200 பேருக்கு மேல ஆச்சு, 2023ல மட்டும் 196. அத்தன பேரையும் நீங்க சொல்ல முடியாது, தெரியும். ஒருத்தர எடுங்க. ஒரே ஒருத்தர முழுசா எடுங்க.

இன்னொன்னு, நீங்க ரெஃபரன்ஸ்னு அனுப்புன செவப்பு அங்கி போட்டோ, அது இங்கிலாந்துல பிரிஸ்டல்ல 2019ல ஆரம்பிச்ச ஒரு குரூப்போடது, வெள்ள மூஞ்சி, பேசாம ஊர்வலம் போவாங்க. அழகாதான் இருக்கு, நானே ஆசையா தச்சேன். ஆனா அந்த காட்டுக்காரங்களே என்ன நடிச்சாங்கன்னு ஒருத்தராவது தேடுனீங்களா? 1987 செப்டம்பர் 4, பிரேசில் புது அரசியல் சட்டம் எழுதற சபை, அய்ல்டன் க்ரெனாக்னு ஒரு பழங்குடி தலைவரு வெள்ள கோட்டு வெள்ள பேன்ட்டோட மேடைல பேசறாரு. பேசிக்கிட்டே விரல்ல கருப்பு மைய தொட்டு நெத்தியில பூசறாரு, கன்னத்துல, மூக்குல, தாடையில, மெதுவா, குரல் ஏறவே இல்ல, மரியாதையா மரியாதையா பேசறாரு, பேச்சு முடியறப்ப மூஞ்சி பூரா கருப்பு. ஜெனிபாப்போன்னு ஒரு காயோட மையி, துக்கத்துக்கு பூசறது. அடுத்த வருஷம் வந்த சட்டத்துல பழங்குடிங்க நெலத்துக்கு 231, 232ன்னு ரெண்டு பிரிவு இருக்கு. ஒரு மனுசன், ஒரு கோட்டு, ஒரு கிண்ணம் மை. செட்டு கெடயாது, லைட்டு கெடயாது, ஸ்மோக் மெஷின் கெடயாது.

1989ல அல்டமிராவுல அணை கட்ட வந்த கம்பெனி ஆபீசர் கன்னத்துல துயிரான்னு ஒரு கயப்போ பழங்குடி பொண்ணு வெட்டுக்கத்தியோட தட்டைப் பக்கத்த வெச்சு அமுக்குச்சு, ஒரு கீறல் விழல. அணை அன்னைக்கு நின்னுச்சு. இருபத்து சொச்சம் வருஷம் கழிச்சு பேர மாத்தி பெலோ மாண்டேன்னு கட்டிட்டாங்க, அதையும் சொல்லணும், நாடகம் போட்டா எல்லாம் நின்னுரும்னு நெனச்சுக்காதீங்க. மனாஸ் ஊர்ல உய்ரான்னு இப்ப ஒரு கலைஞர், படிச்சது உயிரியல், எல, பட்டை, வெதை, களிமண்ணுன்னு ஒடம்பு பூரா போட்டுக்கிட்டு நடக்கற மரமா குப்பை மெதக்கற ஓடையில போயி நிக்கறாங்க. சாவோ பாலோவுல முண்டானோன்னு ஓவியர் 2021ல எரிஞ்ச காட்டு சாம்பல அள்ளிட்டு வந்து அதையே பெயிண்ட்டா கரைச்சு, பில்டிங் பக்கச் சொவரு பூரா தீயணைக்கற ஆள வரஞ்சாரு. இதெல்லாம் படிச்சுட்டு எனக்கு ஒங்க பிளாஸ்டிக் கொடி ஞாபகம் வந்துச்சு. பாரிஸ் கார்னர்ல ஹோல்சேல்ல வாங்குன பிளாஸ்டிக் எலைய பச்ச பாலியஸ்டர்ல குத்தி மழைக்காடுன்னு நின்னோம். துணி செலக்சன் என்னோடதுதான், நானும் குத்தவாளி. ஆனா இறகு கிரீடம் செஞ்சு தாங்க அக்கான்னு கேட்டப்ப மாட்டேன்னு சொன்னேனே, அதுல மட்டும் நான் தப்பிச்சேன். அது அந்த காட்டு பழங்குடிங்க சாமி காரியத்துக்கு, சபைக்கு போடறது, நம்ம ஃபேன்சி டிரஸ்ஸுக்கு இல்ல. அதுவுமில்லாம ஷிகோ போட்டது சாதா சட்டை பேன்ட்டு.

எனக்கு ரொம்ப பிடிச்சது ஒண்ணு இருக்கு, அத சொல்லிடறேன். பாரா மாநிலத்துலயே எல்டொராடோ டோஸ் கராஜஸ்னு ஒரு எடம், 1996 ஏப்ரல் 17ல நெலம் கேட்டு நடந்துபோன சனங்க மேல போலீஸ் சுட்டதுல 19 பேரு அங்கயே போயிட்டாங்க. கேஸ்ல 155 போலீஸ்காரங்க, தண்டன ரெண்டே பேருக்கு. அந்த ரோட்டு வளைவுல 1999ல எரிஞ்சுபோன பிரேசில் நட்டு மரம் 19 கொண்டாந்து நட்டு வெச்சாங்க, ஆளுக்கு ஒரு மரம், கருகுனபடி. பாத்த ஒடனே எனக்கு எங்க ஊரு கல்லுதான் ஞாபகம் வந்துச்சு. அப்டி நெலம் கேட்டு போராடற இயக்கத்துக்காரங்க கூட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி செத்தவங்க பேர ஒவ்வொண்ணா கூப்புடுவாங்க, கூட்டம் மொத்தமும் 'ப்ரெஸென்ச்சி'ன்னு கத்தும். ஆஜர்னு அர்த்தம். நம்ம ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப சொல்லுவோமே, உள்ளேன் ஐயா, அதேதான். 2025 நவம்பர்ல பிரேசில்ல பெலெம்ங்கற ஊர்ல நடந்த பருவநிலை மாநாட்டு ஊர்வலத்துல கூட நிலக்கரி, எண்ணெய், கேஸ்னு எழுதி மூணு சவப்பெட்டிய தூக்கிட்டு கருப்பு துணி கட்டுன பொம்பளைங்க அழுதுட்டு போனாங்க. அங்கயும் பெட்டி மேல பேரு இருந்துச்சு பாருங்க.

அப்ப அமேசான்தானா, நம்ம ஊர்ல இல்லையான்னு ஒருத்தர் கேப்பீங்க. இருக்கு. 2025 ஜனவரி 17, திருமயம் பக்கம் ஜகபர் அலி, கல்குவாரி முறைகேடுன்னு மனு மேல மனு குடுத்தவரு, தொழுகை முடிச்சு டூவீலர்ல வரப்ப டிப்பர் லாரி ஏறி செத்தாரு. மொதல்ல ஆக்சிடெண்ட்டுன்னாங்க, வீட்டுக்காரங்க விடல, அப்புறந்தான் கொலை வழக்காச்சு, சிபிசிஐடிக்கு போச்சு. அது கோர்ட்டுல இருக்கற கேஸு, மேடையில சொன்னா எத சொல்லலாம் எத சொல்லக்கூடாதுன்னு ஒரு வக்கீல கேட்டுக்கிட்டு சொல்லுங்க. ஆனா அவரு பேர சொல்ல எவன் பர்மிசனும் வேணாம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். டிசம்பர் 22 ஷிகோ நாளு. அதே பீச்சு, அதே எடம். மரம் வேஷம் வேணாம், பச்சைய அப்டியே பெட்டியில வைங்க. ஒரு மேசை, டோமினோ, அடுப்படி, ரெண்டு காக்கி சட்டை, தோள்ல ஒரு துண்டு, ஒரு பின்கதவு. இன்னொரு மூலையில இன்னொரு மேசை, அது மேல வாரண்டு காயிதம், அத யாரும் தொடக்கூடாது, நாடகம் முடியற வரைக்கும் அது அங்கயே இருக்கணும், பாக்கறவனுக்கு கை அரிக்கணும். சுவர்க்கோழி டப்பாவ பறை தம்பி பாத்துக்கட்டும், சத்தம் போட அவரவிட்டா ஆளில்ல. கடைசில பேரு கூப்புடுங்க, கூட்டத்துக்கு உள்ளேன்னு சொல்ல கத்துக்குடுங்க, நம்ம சனத்துக்கு ஒரு தடவ சொன்னா போதும், பத்து வருஷம் சொல்லி பழகுனதுதான.

டிரஸ்ஸு என் பொறுப்பு, கூலி வேணாம், துணிக்கு மட்டும் குடுங்க, இந்த தடவ காட்டன். க்ரெனாக் சீனும் சேக்கறதா இருந்தா வெள்ள கோட்டு ஒண்ணு வேணும். செவப்பு அங்கி தங்கச்சியே பண்ணட்டும், அந்த நிதானம் அதுக்குத்தான் இருக்கு. அளவு நோட்டுல அது அளவு இருக்கு, ஆனா கோட்டுக்கு தோளும் கை நீளமும் திரும்ப எடுக்கணும். மையி காய கைய ஒதறாம பேசி பழக சொல்லுங்க, வெள்ளத் துணியில ஒரு சொட்டு விழுந்தாலும் போகாது. ஞாயித்துக்கெழம கடை லீவு, மத்த நாள் ஆறு மணிக்கு மேல வாங்க. வரப்ப ஜூன் மாச பாக்கி 1,350 எடுத்துட்டு வாங்க, கூலி வேணாம்னு சொன்னது டிசம்பருக்கு.

நேத்து பாட்டிய பாத்தேன், அதே எடத்துலதான் உக்காந்திருக்கு. டிசம்பர்ல அந்த பசங்க வருவாங்க பாட்டி, ஒங்க கேள்விக்கு பதிலோடன்னு சொன்னேன். "எந்த ஊருக்காரனாம்?"னு ஒடனே கேட்டுச்சு, மறக்கவே இல்ல. பரனா பக்கமாம், அங்கயும் ஒரு கொலை பண்ணிட்டு வந்தவனாம்னேன்.

"அங்கயே புடிச்சிருந்தா இவன் செத்திருக்க மாட்டானே"ன்னு சொல்லிட்டு பொட்டலத்த நீட்டுச்சு. பத்து ரூபா.

இப்படிக்கு,
ஒங்க டெய்லர் அக்கா